மோகாளி மெட்டுல உட்டுட்டுப் போனவனுக்கு

டேய் கண்ணு,

உன் கார்டு வந்துச்சு. தபால்காரர் வாசல்ல சைக்கிள நிறுத்தி, முழுசாப் படிச்சு முடிச்சுட்டுத்தான் என் கையில குடுத்தாரு. "டீச்சரம்மா, புள்ள சந்நியாசம் வாங்கறானாமே, மெய்யா?"ன்னு அவரு கேட்ட பின்னாலதான் பெத்தவளுக்கே சேதி தெரியும். ஒரு கவர் வாங்கக்கூடவா உங்க ஆசிரமத்துல வக்கில்ல? வர்ற கார்த்திகைப் பௌர்ணமிக்குக் காவி கட்டிக்கப் போறே, தாயார் உத்தரவு இல்லாம குருசாமி கட்டி வைக்க மாட்டாரு, அதனால "தங்கள் பரிபூரண சம்மதத்தைத் தெரிவித்து இரண்டு வரி எழுதவும்"னு கேட்டிருக்கே. தங்கள்! உனக்கு மூக்கு சிந்தி விட்டவ நானு, எனக்கா தங்கள்? அதுக்குக் கீழ, எடம் மிச்சம் இருந்துச்சேன்னு இன்னொண்ணு: "நைனாவின் ஆத்மா நல்ல நிலையில் இருக்கும் என்று நம்புகிறேன்." ஆத்மா நல்லாத்தான் இருக்குதுடா. இடுப்பெலும்புதான் ஒடிஞ்சு கெடக்குது.

ரெண்டு வரியில அடங்கற கோவமா இது? உக்காந்து பொறுமையாப் படி. தியானத்துக்கு நேரமாச்சு, பஜனைக்கு மணியடிச்சுட்டாங்கன்னு பாதியில மடிச்சு வெச்சியோ, நானே பஸ் ஏறி வந்து உங்க பஜனை நடுவுல நின்னு சத்தமாப் படிப்பேன். எனக்கு வெக்கம் கெடையாது. இத்தன வருஷம் பசங்களுக்குக் கத்திக் கத்தித் தொண்ட நல்லா பழுத்திருக்குது.

நீ ஏன் இப்படி ஆனேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. ஆந்திர ராஜ்யம் பிரிஞ்சப்ப நீ வேலூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சுக்கினு இருந்தே. நம்ம ஜில்லா யாருக்குன்னு ரெண்டு பக்கமும் அடிச்சுக்கினாங்களே, அப்ப படிப்ப நடுவுல உட்டுட்டு ஊர் ஊரா கொடி புடிச்சுக்கினு போனே. சித்தூர் நமக்கே, திருப்பதி நமக்கேன்னு கத்தித் தொண்ட கட்டி, வீட்டுக்கு வந்து சைகையில சோறு கேட்டே. அப்பால எல்லையத் தீர்த்தாங்க. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போச்சு, நாம ஆந்திராவுலயே நின்னுட்டோம். நம்ம புத்தலப்பட்டு ஒரு அடிகூட நகரல. கெணறு அங்கயேதான் இருந்துச்சு, வேர்க்கடலை வெளைஞ்சுச்சு, சித்தூர் பஸ்ஸும் திருப்பதி பஸ்ஸும் எப்பவும்போல லேட்டா வந்துச்சு. போர்டுல எழுத்துதான் மாறுச்சு. தெலுங்கு பரீட்சை பாஸ் பண்ணாத்தான் வேலைன்னு எனக்கு உத்தரவு வந்துச்சு. நான் இன்னா பண்றது? என் கிளாஸுப் பசங்க பக்கத்துலயே சிலேட்ட வெச்சுக்கினு எழுத்து எழுத்தாப் படிச்சேன், பாஸ் பண்ணேன், சம்பளம் வாங்கினேன், நாம சோறு துன்னோம். நீ அத மன்னிக்கவே இல்ல. "நீயும் அந்தப் பக்கம் போயிட்டியாம்மா"ன்னு கேட்டே. சொவத்தப் பாத்துக்கினு மாசக்கணக்குல கட்டில்ல படுத்தே. ஒரு நாள் திடீர்னு எழுந்து குளிச்சு, "மண்ணுக்குத்தாம்மா எல்லை, ஆத்மாவுக்கு எல்லையே இல்ல"ன்னு சொல்லிட்டுத் திருப்பதி பஸ் ஏறினே. புள்ளைக்குத் தெளிஞ்சுடுச்சுன்னு நான் அன்னைக்குப் பாயசம் வெச்சேன்டா. கர்மம்.

சரி, போனே. நல்ல விஷயம்தானேன்னு இருந்தேன். போன பங்குனியில வந்து வாசல்ல உக்காந்துக்கினு உங்க நைனாவுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க உபதேசம் பண்ணியே, ஞாபகம் இருக்குதா? எல்லா மதத்துலயும் ஒரு படிக்கட்டு இருக்குதுன்னு சொன்னே. கிறிஸ்தவங்களுக்கு யாக்கோபு கனவுல கண்ட ஏணி. சூஃபிங்களுக்கு மனசு அடங்கி அடங்கி ஏறுற நெலைங்க. யோகிங்களுக்கு முதுகந்தண்டுல ஆதாரம் ஆறு, அதுக்கு மேல உச்சந்தலையில தாமரை. சமணருங்களுக்கு அதவிட நீளமான படிக்கட்டு. இதெல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி உங்க குருசாமி திருமலைக்கு நடந்து ஏறுற பாதையில கொண்டாந்து வெச்சிருக்காரு. அடிவாரத்துல ஆசை போவும், கோபுரத்தாண்ட கோவம் போவும், மோகாளி மெட்டுல மோகம் அழியும். மோகாளின்னாலே மோகம் அழின்னுதான் அர்த்தம், அங்க பந்த பாசத்தத் திரும்பிப் பாத்தவனோட ஆத்மா மறுபடி அடிவாரத்துக்கு வந்துடும்னு சொன்னே. கைய ஆட்டி ஆட்டி எவ்வளோ அழகாப் பேசினே! நானே அடுப்புல பால் பொங்கறது தெரியாம நின்னுட்டேன்.

உங்க நைனா வேர்க்கடலை உரிச்சுக்கினே வாயத் தொறந்து கேட்டுக்கினு இருந்தாரு. அவருக்கு அதுல ஒரு எழவும் புரியல. ஆனா அவரு மூஞ்சி அப்படி மலர்ந்து நான் பாத்து ரொம்ப காலம் ஆச்சு. கொடி புடிச்ச நாள்லேருந்து நீ அவருகிட்ட சேர்ந்தாப்பல பேசினதே அன்னைக்குத்தான். "நைனா, நீங்களும் வாங்க, ரெண்டு பேரும் நடந்தே ஏறலாம்"னு நீ சொன்னே பாரு, அந்த மனுஷன் மடியில இருந்த கடலையெல்லாம் கீழ கொட்டிட்டு எழுந்தாரு. நான் சொன்னேன், கெணத்தடிக்குப் போயிட்டு வரவே அவருக்கு முட்டி புடிச்சுக்குது, பஸ்ஸுல கூட்டிக்கினு போன்னு. "பஸ்ஸுல போனா ஒடம்புதாம்மா மேல போவும், ஆத்மா கீழயே நின்னுடும்"னு நீ சிரிச்சே. அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? "சொம்மா இரு டீச்சரு, என் புள்ள கூப்பிடறான்"னாரு. அவரு சாமிக்காகப் போகலடா. மோட்சத்துக்காகவும் போகல. சாமியக் கும்பிடணும்னா அவரு எங்கயும் போறவரில்ல, மாட்டுக் கொட்டாயிலயே கும்புட்டுடுவாரு. நீ கூப்பிட்டேன்னு போனாரு.

அப்பால நடந்தத நீ எனக்குச் சொல்லல. அவரும் உடனே சொல்லல. கட்டில்ல படுத்தப்பறம் கொஞ்சம் கொஞ்சமா, நான் சோறு ஊட்டும்போது ஒரு வாய்க்கு ஒரு சேதியா வெளிய வந்துச்சு. பாதி தூரம் வரைக்கும் நல்லாத்தான் போனீங்களாம். நீ அவரு துணி மூட்டையத் தூக்கிக்கினியாம், பெருமையாச் சொன்னாரு. மோகாளி மெட்டுல படி செங்குத்தா நிக்குதே, அங்க நாலு படி ஏறினதும் வலது முட்டி மடங்க மாட்டேன்னுடுச்சு. "செத்த இருடா, முட்டி மடங்க மாட்டேங்குது"ன்னு அவரு சொல்றாரு. நீ திரும்பாமயே, "இதுதாங்க நைனா சோதனை. இங்க நான் திரும்பக்கூடாது. நீங்களும் என்னைக் கூப்பிடாதீங்க. மெல்ல வந்து சேருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டே. துணி மூட்டையும் உன்கூடவே போயிடுச்சு. அவரு கூப்பிடலடா. ஏன்னு கேட்டேன். "கூப்பிட்டா அவன் ஏறினது வீணாப் போவும்னு சொன்னானே"ன்னாரு. அந்த மனுஷன் சந்தையில மாடு மிரண்டா ஊர் அதிரக் கத்தறவரு. படியில உக்காந்து வாய மூடிக்கினு உன் முதுகப் பாத்துக்கினு இருந்திருக்காரு.

நெல்லூர் பக்கத்துலேருந்து மொட்ட போட வந்த ஒரு புருஷன் பொஞ்சாதி அவரப் பாத்து நின்னிருக்காங்க. அந்தப் பொம்பள, "ஏமி தாதா, மோகாலு பட்டேசிந்தா?"ன்னு கேட்டாளாம். முட்டி புடிச்சுக்கிச்சா தாத்தான்னு. சொல்லிட்டு அவளே சிரிச்சாளாம்: "இதி மோகாள்ள மெட்டு கதா, அந்தரிகீ இக்கடே பட்டேஸ்துந்தி." இது முட்டிப் படிதானே, எல்லாருக்கும் இங்கதான் புடிச்சுக்கும். தண்ணி குடுத்துட்டு, ரெண்டு பேருமா கைத்தாங்கலாத் தூக்கி உடறோம்னு நின்னாங்களாம். "வேணாம்மா, என் புள்ள வருவான்"னு அவங்கள அனுப்பி வெச்சுட்டாரு. வெயில் சாயற வரைக்கும் பாத்தாரு. நீ வரல. கொஞ்சம் கீழ எறங்கினா ரோடு வருது, ஏதாச்சும் பஸ் நிக்கும்னு தனியா எழுந்து எறங்கினவரு, சறுக்கி விழுந்தாரு. டோலி தூக்கறவங்க வந்து கீழ கொண்டாந்தாங்க. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னியே மகராசன், மூஞ்சியில ஒரு கலக்கம் இல்ல. துளசிய அவரு வாயில போட்டு, "பழைய வினை கழிஞ்சுது நைனா"ன்னு சொல்லிட்டுப் போனே. எனக்கு அந்தத் துளசியப் புடுங்கி உன் மூஞ்சியில எறியணும்னு இருந்துச்சு. நர்ஸம்மா பாக்கறாங்களேன்னு அடக்கிக்கினேன்.

முழங்காலுடா! தெலுங்குல மோகாலுன்னா முழங்காலு, வேற ஒண்ணுமே இல்ல. ஏறுறவங்களுக்கு அங்க முட்டி கழண்டு போவுது, இல்லன்னா அந்தக் காலத்து ஆச்சாரியர் ஒருத்தர் இந்த மலையில பாதம் படக்கூடாதுன்னு முட்டி போட்டே ஏறினாருன்னு சொல்லுவாங்க. எப்படிப் பாத்தாலும் சங்கதி முட்டிதான். தெலுங்குல க-வுக்கு நாலு எழுத்து, ஹ-வுக்குத் தனியா ஒண்ணு. மோகாலுல வர்றது க, மோஹத்துல வர்றது ஹ. நமக்கு எல்லாத்துக்கும் ஒரே க. உங்க குருசாமி தஞ்சாவூர் பக்கத்துக்காரரு, தெலுங்கு வாசனையே கெடையாது. மோகாளின்னு தமிழ்ல எழுதினதப் பாத்தாரு, மோகம்னு படிச்சாரு, அழின்னு சேத்துக்கினாரு. அவர நான் குத்தம் சொல்லல. நீ எழுதின காயிதத்துல நானும்தான் அப்படியே படிச்சேன், பரீட்சை பாஸ் பண்ணவ. ஆனா நீ? சித்தூர் சந்தையில பொறந்து வளந்தவன். ஜட்காக்காரன் "மோகாள்ள நொப்பி"ன்னு முட்டியத் தேச்சுக்கினா உனக்குப் புரியாதா? புரியும். அந்த பாஷை காதுல விழக்கூடாதுன்னு வீம்பு புடிச்சே பாரு, அதுதான் உன்ன மோசம் பண்ணிடுச்சு. அங்க ஏறுற ஒவ்வொரு கெழவனும் கெழவியும் அந்தப் பேரு சொல்லிக்கினுதானே போறாங்க? ஒருத்தர நிறுத்திக் கேட்டியா? எல்லாருக்கும் முட்டி புடிச்சுக்கும், கூட வர்றவங்க கையப் புடிச்சுக்கன்னு பேருலயே எழுதி வெச்ச எடம்டா அது. அங்க போயி கைய உட்டே நீ.

உன்கிட்ட இன்னொண்ணும் கேக்கணும். எல்லா மதமும் படிக்கட்டு, படிக்கட்டுன்னியே, அதுல ஏறுறத மட்டும்தான் பாத்தியா? மிஷன் ஸ்கூல்ல தினமும் காலையில பிரேயர்ல நிக்கறவ நான். அவங்க சாமி எனக்கு சாமியோ இல்லையோ, கத மனப்பாடம். அந்த ஏணியில தேவதூதருங்க ஏறுறதும் எறங்கறதுமாத்தான் இருந்தாங்க. மேல போயி உக்காந்துக்கினவங்க கதைய யாரும் வாசிச்சு நான் கேட்டதில்ல. நம்ம தையக்கார பாய் ரெண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து உங்க நைனா கட்டிலாண்ட உக்காந்து பேசிக்கினு இருக்காரு. அவருகிட்ட உன் படிக்கட்ட எல்லாம் சொன்னேன். "டீச்சரம்மா, எங்க நபி வானத்துக்கெல்லாம் மேல போயிட்டு வந்தவங்க. அங்கேருந்து வர யாருக்காச்சும் மனசு வருமா? வந்தாங்களே, ஜனங்க கீழதானே இருந்தாங்க"ன்னாரு. சொல்லிட்டு உங்க நைனா காலுக்குக் கீழ தலகாணிய நகத்தி வெச்சாரு. உன் முதுகந்தண்டுத் தாமரை சங்கதி எனக்குத் தெரியாது. அதுல போனவங்க எறங்கி வருவாங்களா மாட்டாங்களா, நீதான் குருசாமியக் கேட்டுச் சொல்லணும். எறங்க வழி இல்லன்னா அது படிக்கட்டே இல்ல, பரண்.

இப்ப இங்க எப்படி இருக்குதுன்னு சொல்றேன், நீ கேக்கலன்னாலும். புத்தூர்க் கட்டு போட்டிருக்குது. முட்டையும் பச்சிலையும் வெச்சுக் கட்டின கட்டு, வீடு முழுக்க அந்த வாசனைதான். கட்டில்ல நடுவுல ஓட்ட போட்டு, கீழ பெட்பேன் வெச்சிருக்கேன். அவருக்கு அதுல உக்கார வெக்கம், என்ன வெளிய போகச் சொல்லுவாரு, அப்பால முடியாம என்னையே கூப்பிடுவாரு. ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிச்சுட்டு, நடுவுல மணி அடிச்சதும் ஓடியாறேன். பெரிய டீச்சரு மூஞ்சியத் தூக்கிக்கினு இருக்காங்க. வேர்க்கடலை இந்த வருஷம் யாரு புடுங்கறதுன்னே தெரியல. ராத்திரியில அவரு தூக்கத்துல "கூப்பிடல, கூப்பிடல"ன்னு பெனாத்தறாரு. நான் எழுப்பறதில்ல.

உன் கார்ட அவருக்குப் படிச்சுக் காட்டினேன். மறைக்கலாமான்னு பாத்தேன், தபால்காரர் ஊர் பூரா சொல்லியிருப்பாரு, எதுக்கு வம்பு. கேட்டு முடிச்சதும் அவருதான் ஆரம்பிச்சாரு.

"குடுத்துடு டீச்சரு. ரெண்டு வரிதானே கேக்கறான்."

"எதுக்குக் குடுக்கணும்?"

"படிப்ப முடிக்கல. அந்த எல்லைச் சண்டையும் அவன் நெனச்சாப்பல முடியல. இதயாச்சும் முடிக்கட்டுமே. பாவம்."

"பாவமா? உங்கள நட்ட நடுப் படியில உட்டுட்டுப் போனானே, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

"திரும்பிப் பாத்தான்."

"யாரு?"

"அவன்தான். மேல அந்த வளைவுல. ஒரு தாட்டி நின்னு திரும்பிப் பாத்தான். நான்தான் போ போன்னு கையக் காட்டினேன்."

இத்தன நாள்ல இத அவரு சொல்லவே இல்ல. மெய்யா பொய்யான்னு மூஞ்சியப் பாத்தேன், அந்தப் பக்கம் திரும்பிக்கினாரு. அவரு உன்னக் காப்பாத்தப் பொய் சொல்றவருதான். நீ சின்னப் பையனா இருந்தப்ப எத்தன தரம் சொல்லியிருக்காரு. அதனால எனக்குத் தெரியல. உனக்குத்தான் தெரியும். நீ பாக்கலன்னா, ஒடஞ்ச இடுப்போட படுத்துக்கினு உனக்காக ஒரு பொய்ய ஜோடிச்ச மனுஷன விட்டுட்டு எந்த மோட்சத்துக்குப் போறேன்னு நீயே யோசி. பாத்திருந்தா, உங்க குருசாமி சொன்ன மாதிரி உன் ஆத்மா இப்ப அடிவாரத்துலதான் நிக்குது. நல்லதாப் போச்சு. பஸ் ஸ்டாண்டு கிட்டக்கதான்.

உன் கேள்விக்கு வரேன். உங்க நைனா அவரு சம்மதத்தக் குடுத்துட்டாரு, அத நான் மறைக்கல. நான் குடுக்கல. உனக்குக் காவி பொருந்தாதுன்னு இல்ல, சாமி மேல எனக்கு வெறுப்பும் இல்ல. நீ மெய்யாவே ஏறுறவனா இருந்தா நானே உன் காலத் தொட்டுக் கும்புடுவேன், பெத்தவளாச்சேன்னுகூடப் பாக்க மாட்டேன். ஆனா எல்லைத் தகராறுல தோத்த கோவத்துல கட்டில்ல போயிப் படுத்தே பாரு, அந்தப் படுக்கையவே தூக்கிக்கினு மலை அடிவாரத்துல போயிப் போட்டிருக்கே. அவ்வளோதான் எனக்குத் தெரியுது. தப்பா இருந்தா நேர்ல வந்து சொல்லு.

வர்ற வியாழக்கிழம அவருக்குக் கட்டுப் பிரிச்சு மாத்திக் கட்டணும். புத்தூர் போவணும். மாங்கா ஏத்திக்கினு போற லாரிக்காரர் முன்னால எடம் தரேன்னு சொல்லியிருக்காரு. கட்டில்லேருந்து அவரத் தூக்கி வெளிய கொண்டாந்து லாரியில ஏத்தணும். ஒரு ஆம்பளத் தொண வேணும். தையக்கார பாய் வரேன்னாரு, அவருக்கும் வயசாச்சு. எதுத்த வீட்டுக்காரரும் வரேன்னாரு. யாரும் வேணாம், ஆளு இருக்குதுன்னு சொல்லிட்டேன். உங்க நைனாவுக்கும் அதத்தான் சொல்லியிருக்கேன், இன்னும் உனக்குத்தான் சொல்லல. காலையில லாரி வரும். நீ வந்து அவரத் தூக்கு. மெல்லத் தூக்கு, வலது பக்கம் கைபடாமத் தூக்கு, வலிச்சாலும் அவரு சத்தம் போட மாட்டாரு, அதனால மூஞ்சியப் பாத்துக்கினே தூக்கு. அவர லாரியில உக்கார வெச்சுட்டு எங்கிட்ட வந்து கேளு, அம்மா நான் சந்நியாசம் வாங்கிக்கறேன்னு. அப்பவும் மாட்டேன்னுதான் சொல்லுவேன். இருந்தாலும் வந்து கேளு.